படிவம் 4 வேதியியலுக்குப் புதிதா? அணுவிலிருந்து தனிம அட்டவணை வரை, படிப்படியாக

என் மகள் நான்காம் படிவத்தில் வேதியியல் எடுத்தபோது, எங்கள் வீட்டில் அந்தப் பாடம் தெரிந்தவர் யாருமில்லை. நான் வணிகப் பிரிவில் படித்தவள். அவள் அப்பாவும் அப்படித்தான். பட்டர்வொர்த்தில் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டியூஷனில் போடுங்கள் என்றார் ஒருவர். தடிமனான பயிற்சி நூலாக வாங்குங்கள் என்றார் இன்னொருவர். அட்டவணையை முழுக்க உருப்போடச் சொல்லுங்கள் என்று சொன்னவர்கள்தான் அதிகம். கடைசியில் பாடநூலை எடுத்துக்கொண்டு அவளோடு நானும் உட்கார்ந்தேன். எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று சொல்ல ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இப்போது இடைநிலைப்பள்ளியில் வேதியியலைத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்டவணையை மனப்பாடம் செய்து தொடங்காதீர்கள். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் 20 தனிமங்களுக்கு அதைப் பிழையில்லாமல் எழுத வந்துவிட்டால், அந்த இருபதுக்குமான அட்டவணையை உங்கள் கையாலேயே வரைந்துவிடலாம்.

1. கையில் இருக்க வேண்டிய தாள்கள், அவற்றின் செலவு

முதல் தேவை பாடநூல். அரசுப் பள்ளியில் பாடநூல் இரவல் திட்டத்தின் கீழ் காசில்லாமல் கொடுப்பார்கள். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம். அதில் கோடு போட வேண்டாம். தொலைத்தால் நீங்கள்தான் ஈடு கட்ட வேண்டும். எழுதிப் பழகத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்களின் டிஜிட்டல் பிரதியும் இருக்கிறது. பள்ளி கொடுத்த அடையாளக் கணக்கில் நுழைந்தால் போதும்.

அங்கேயே முதலாம் படிவ அறிவியல் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 6ஆம் அத்தியாயமே தனிம அட்டவணைதான். நான்காம் படிவ நூல் அதையெல்லாம் பிள்ளை நினைவில் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு வேகமாகப் போகும். நடுவில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விழுந்த பிள்ளைக்கு அது நினைவில் இருக்காது. அந்த ஒரு அத்தியாயத்தை ஒரு மாலையில் வாசித்துவிடலாம்.

இரண்டாவது தேவை பாடத்திட்ட ஆவணம். ஆசிரியர்கள் டி.எஸ்.கே.பி. என்பார்கள். ஒவ்வொரு தலைப்பிலும் மாணவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரிவரியாகப் போட்டிருக்கும். பெற்றோரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் அச்சடிக்க வேண்டாம். 2ஆம் அத்தியாயமான பருப்பொருளும் அணு அமைப்பும், 4ஆம் அத்தியாயமான தனிம அட்டவணை, இந்த இரண்டுக்கும் உரிய பக்கங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வரியையும் பிள்ளை செய்து காட்டியதும் பக்கத்தில் தேதி போடுங்கள். எந்த டியூஷன் அறிக்கையை விடவும் அது உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

பயிற்சி நூல் வாங்குவதானால் ஒன்று போதும். பினாங்குத் தீவில் சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் அட்டையில் கே.எஸ்.எஸ்.எம். என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான்காம் படிவத்துக்கு அந்தப் பாடத்திட்டம் வந்தது 2020இல், அதன்படி ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய முதல் பிள்ளைகள் 2021ஆம் ஆண்டுத் தொகுதி. அதற்கு முந்தைய கே.பி.எஸ்.எம். நூல்களில் அணு அமைப்பு சரியாகவே இருக்கும், ஆனால் அத்தியாய வரிசையும் கேள்வி அமைப்பும் வேறு. பிள்ளை குழம்பும்.

சுவரில் ஒட்டும் அட்டவணை வாங்கும்போது கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். 118ஆம் எண்ணில் ஒகனெஸ்ஸான் என்ற பெயர் இருக்க வேண்டும். 113, 115, 117, 118 ஆகிய நான்குக்கும் 2016இல்தான் பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டங்களில் மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடு இருந்தால் அது பழைய அச்சு. காசு கொடுத்து வாங்க மனமில்லையென்றால் பாடநூலில் உள்ளதை ஏ3 தாளில் பெரிதாக்கி, போட்டோஸ்டேட் கடையில் லேமினேட் செய்து கொள்ளலாம். சில வெள்ளிதான் ஆகும்.

2. எந்த மொழி என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்

எஸ்.பி.எம். வேதியியல் கேள்வித்தாள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். விடையை இரண்டில் எதிலும் எழுதலாம். பள்ளியில் டி.எல்.பி., அதாவது அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்ட வகுப்பு என்றால் ஆங்கிலம், இல்லையென்றால் மலாய். அதை ஒட்டியே போங்கள். பள்ளியில் ஒரு மொழி, டியூஷனில் வேறு மொழி என்று வைத்தால் பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

மலாயில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. சோடியத்தை நாத்ரியும் என்றும், பொட்டாசியத்தைக் காலியும் என்றும், இரும்பை ஃபெரும் என்றும், ஈயத்தைப் ப்ளும்பும் என்றும்தான் மலாய் நூலில் எழுதியிருக்கும். குறியீடுகளும் அதே லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. அதனால் பெயரைச் சொன்னதும் குறியீடு தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இப்படி ஒத்துவராத தனிமங்களை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஈயம். அடிக்கடி வருபவை இவ்வளவுதான்.

குறியீட்டில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது. கோபால்ட்டின் இரண்டாம் எழுத்தையும் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும், மதிப்பெண் போய்விடும்.

3. மூன்று துகள், இரண்டு எண்

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும். வெளியே கூடுகளில் எலக்ட்ரான்கள். புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம், நியூட்ரானுக்கு ஒன்றுமில்லை. புரோட்டானின் நிறையை 1 என்று வைத்தால் நியூட்ரானுக்கும் 1. எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 1840இல் ஒரு பங்கு. அதனால்தான் அணுவின் நிறையைக் கணக்கிடும்போது எலக்ட்ரானை விட்டுவிடுகிறோம்.

ஒரு தனிமம் எது என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான் எண் மட்டுமே. 11 புரோட்டான் இருந்தால் அது சோடியம். எலக்ட்ரான் ஒன்று குறைந்தாலும் சோடியம்தான், நியூட்ரான் ஒன்று கூடினாலும் சோடியம்தான். 12 ஆகிவிட்டால் அது மக்னீசியம். இதைப் பிள்ளை சந்தேகமில்லாமல் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நியூக்ளியான் எண் என்பது புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டி வருவது. சோடியத்துக்கு 23. அதிலிருந்து 11ஐக் கழித்தால் 12 நியூட்ரான். அலுமினியத்துக்கு 27, 13, நியூட்ரான் 14. பொட்டாசியத்துக்கு 39, 19, நியூட்ரான் 20. மின்னூட்டம் இல்லாத அணுவில் புரோட்டான் எத்தனையோ எலக்ட்ரானும் அத்தனை.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். தேர்வில் அணுவைக் குறிக்கும்போது குறியீட்டின் இடப்பக்கம் மேலே நியூக்ளியான் எண்ணும் கீழே புரோட்டான் எண்ணும் இருக்கும். சுவர் அட்டவணை பலவற்றில் தலைகீழாக, மேலே புரோட்டான் எண்ணும் கீழே ஒப்பு அணு நிறையும் இருக்கும். "மேலே இருப்பது புரோட்டான்" என்று இடத்தை வைத்து மனத்தில் பதித்துக்கொண்ட பிள்ளை தேர்வில் மாற்றி எழுதிவிடும். இடத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள். சிறிய எண் புரோட்டான், பெரிய எண் நியூக்ளியான் என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ஹைட்ரஜனில் மட்டும் இரண்டும் 1. அதற்கு நியூட்ரானே கிடையாது.

2ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் உருகுதல், உறைதல் வரைபடமும் வரும். நாஃப்தலீன், அதாவது அந்துருண்டையில் இருக்கும் பொருள், 80 பாகை செல்சியஸில் உருகும். உருகி முடியும்வரை வெப்பநிலை ஏறாது, ஏனென்றால் கொடுக்கும் வெப்பம் துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பைத் தாண்டவே செலவாகிறது. கேள்வி பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தைத்தான் கேட்கும். ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

4. எலக்ட்ரான் அடுக்கு: அவசரப்படக் கூடாத படி

நேரத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால் இங்கேதான் என்பேன். முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 8. முதல் 20 தனிமங்களுக்கு இந்தக் கணக்கு பிசகாது. உள்ளிருந்து வெளியே நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

கார்பனுக்கு 6 எலக்ட்ரான்: 2.4. ஆக்ஸிஜனுக்கு 8: 2.6. சோடியத்துக்கு 11: 2.8.1. குளோரினுக்கு 17: 2.8.7. கால்சியத்துக்கு 20: 2.8.8.2.

சில நூல்களில் மூன்றாம் கூடு 18 எலக்ட்ரான் வரை தாங்கும் என்று இருக்கும். அதுவும் சரிதான். அதைப் படித்துவிட்டு பொட்டாசியத்துக்கு 2.8.9 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குத்தான் போகிறது: 2.8.8.1. இருபதுக்கு மேல் போகும்போது மூன்றாம் கூடு மறுபடி நிரம்பத் தொடங்கும். நான்காம் படிவத்துக்கு அது தேவையில்லை.

இப்போது ஒரு படம் வரையலாம். குளோரினை எடுங்கள். பென்சில், ஒரு வெற்றுத் தாள், வட்டம் போட ஒரு நாணயமும் இரண்டு மூடிகளும். நடுவில் சின்ன வட்டம். அதற்குள் 17 புரோட்டான், 18 நியூட்ரான் என்று எழுதுங்கள். அதைச் சுற்றி மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தில் இரண்டு பெருக்கல் குறி. இரண்டாம் வட்டத்தில் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்திலும் இரண்டிரண்டாக எட்டு. மூன்றாம் வட்டத்தில் மூன்று இடத்தில் இரண்டிரண்டு, நான்காவது இடத்தில் ஒன்று மட்டும். ஏழு ஆயிற்று. தனியாக நிற்கும் அந்த ஒன்றின் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருப்பது கண்ணில் படும். குளோரின் ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளத் துடிப்பது ஏன் என்று பிள்ளைக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. என் மகள் அந்தக் காலி இடத்தைக் காட்டி, "இங்க ஒண்ணு வரணும்மா" என்று தானாகவே சொன்னாள். பிணைப்புப் பாடம் 5ஆம் அத்தியாயத்தில் வரும். அதில் பாதி அன்றைக்கே முடிந்துவிட்டது.

கேள்வியின் சொற்களைக் கவனியுங்கள். "அணுவின் அமைப்பை வரைக" என்றால் அணுக்கருவும், அதற்குள் எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான் என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "எலக்ட்ரான் அடுக்கை வரைக" என்றால் கூடுகளும் எலக்ட்ரான்களும் போதும், நடுவில் குறியீடோ கருவோ இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு இரண்டாவது படத்தை வரைந்துவிட்டுப் பாதி மதிப்பெண்ணோடு வரும் பிள்ளைகள் நிறைய.

தினமும் அரை மணி நேரம், இரண்டு வாரம். எண்ணைச் சொன்னதும் அடுக்கைச் சொல்ல வேண்டும். காரில் போகும்போது, கோயில் வரிசையில் நிற்கும்போது கேளுங்கள். 14? 2.8.4. 9? 2.7. வாய்க்கு வரும்வரை விடாதீர்கள்.

5. 35.5 எங்கிருந்து வந்தது?

அட்டவணையில் குளோரினுக்குக் கீழே 35.5 என்று இருக்கும். அதுதான் ஒப்பு அணு நிறை. "அப்படியானால் நியூட்ரான் பதினெட்டரையா?" என்று பிள்ளை கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், நன்றாகத்தான் கேட்கிறது. அரை நியூட்ரான் கிடையாது. இயற்கையில் குளோரின் இரண்டு வகையாக இருக்கிறது: 18 நியூட்ரான் உள்ளது, 20 நியூட்ரான் உள்ளது. புரோட்டான் இரண்டிலும் 17. இவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். நியூக்ளியான் எண் 35 உள்ளது ஏறத்தாழ 75 விழுக்காடு, 37 உள்ளது 25 விழுக்காடு. 75ஐ 35ஆலும் 25ஐ 37ஆலும் பெருக்கிக் கூட்டி 100ஆல் வகுத்தால் 35.5 வரும். இந்தக் கணக்கு தேர்வுக்கு உரியது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகுங்கள்.

எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே என்பதால் ஐசோடோப்புகளின் வேதிப் பண்பும் ஒன்றே. மாறுவது நிறையும் அதைச் சார்ந்த பண்புகளும். பயன்களில் சிலவற்றை நினைவில் வைத்தால் போதும்: பழம்பொருளின் வயதை அறியக் கார்பன்-14, புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக்குக் கோபால்ட்-60, தைராய்டு நோய்க்கு அயோடின்-131.

நியூட்ரான் எண்ணிக்கை கேட்டால் 35.5ஐத் தொடக்கூடாது. கேள்வியில் கொடுத்துள்ள நியூக்ளியான் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 35.5 தேவைப்படுவது 3ஆம் அத்தியாயமான மோல் கணக்கில், அதாவது நிறையை வைத்துத் துகள்களின் அளவைக் கணக்கிடும் பாடத்தில்.

6. அட்டவணையை உங்கள் கையால் வரையுங்கள்

பாடநூலில் 2க்கும் 4க்கும் நடுவே மோல் அத்தியாயம் குறுக்கிடும். அது கனமான பாடம். அதை முடித்துவிட்டு வரும்போது எலக்ட்ரான் அடுக்கு பாதி மறந்திருக்கும். அதனால் பள்ளி எந்த வரிசையில் போனாலும், வீட்டில் 2ஆம் அத்தியாயம் முடிந்த சூட்டோடு 4ஆம் அத்தியாயத்தின் முதல் பகுதிக்குப் போய்விடுங்கள். இந்த ஒரு மாற்றம்தான் எங்களுக்குப் பெரிய சுமையை இறக்கியது.

நம் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். எண்ணின் நடுவில் 07 இருந்தால் பினாங்கில் பிறந்தவர், 14 இருந்தால் கோலாலம்பூர். ஆளைப் பார்க்காமலே ஊரைச் சொல்லிவிடலாம். எலக்ட்ரான் அடுக்கும் அப்படித்தான்; தனிமம் அட்டவணையில் எங்கே உட்காரும் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது.

அடுக்கில் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அத்தனையாவது தொடர். அதாவது குறுக்கு வரிசை, மலாயில் காலா. கடைசி எண் தொகுதியைச் சொல்லும். அது செங்குத்து வரிசை, மலாயில் கும்புலான். கடைசி எண் 1 அல்லது 2 என்றால் தொகுதியும் அதுவே. 3 முதல் 8 வரை என்றால் பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சோடியம் 2.8.1: மூன்றாம் தொடர், 1ஆம் தொகுதி. குளோரின் 2.8.7: மூன்றாம் தொடர், 17ஆம் தொகுதி. ஆர்கான் 2.8.8: மூன்றாம் தொடர், 18ஆம் தொகுதி.

விதிவிலக்கு இரண்டு. ஹீலியத்தின் கடைசி எண் 2, ஆனால் அதன் முதல் கூடு நிரம்பிவிட்டதால் 18ஆம் தொகுதியில் இருக்கும். ஹைட்ரஜன் 1ஆம் தொகுதியின் தலையில் இருந்தாலும் உலோகமல்ல.

சரி, தாளைக் குறுக்காகத் திருப்பி 18 நிரல்கள் போடுங்கள். முதல் வரிசையில் இரு முனையிலும் ஒவ்வொன்று: ஹைட்ரஜன், ஹீலியம். இரண்டாவதில் லித்தியம், பெரிலியம். பிறகு பத்துக் கட்டம் வெறுமையாக விட்டு போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளோரின், நியான். மூன்றாவதில் அதே மாதிரி சோடியம், மக்னீசியம், இடைவெளி, அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், சல்ஃபர், குளோரின், ஆர்கான். நான்காவதில் பொட்டாசியம், கால்சியம். நடுவில் 3 முதல் 12 வரை உள்ள வெற்றிடம் இடைநிலைத் தனிமங்களுக்கு உரியது. ஒவ்வொரு கட்டத்திலும் எலக்ட்ரான் அடுக்கை எழுதிவிட்டு மேலிருந்து கீழே வாசியுங்கள். 1ஆம் தொகுதி முழுக்க 1இல் முடியும், 17ஆம் தொகுதி முழுக்க 7இல் முடியும். ஒரே தொகுதியில் உள்ளவை ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்பதற்கு இதுதான் விடை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர் நம்மில் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிலிக்கானைக் காட்டுங்கள். 2.8.4, வெளிக்கூட்டில் நான்கு. தூய சிலிக்கானில் மின்சாரம் சரியாகப் பாயாது. பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் பாஸ்பரஸுக்கு ஐந்து. அதில் மிகச் சிறிதளவு சேர்த்தால் ஓர் எலக்ட்ரான் மிஞ்சி, மின்சாரம் பாய வழி கிடைக்கும். 13ஆம் தொகுதியில் இருக்கும் போரானுக்கு மூன்றுதான். அதைச் சேர்த்தால் ஓர் எலக்ட்ரானுக்குக் குறை விழும். இந்த மிச்சத்தையும் குறையையும் வைத்துத்தான் சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் வேலை செய்கிறது. இது தேர்வுக்கு வேண்டியதில்லை. ஆனால் அம்மாவோ அப்பாவோ தினமும் போய்வரும் வேலைக்கும் இந்தத் தாளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு பிள்ளை அட்டவணையைப் பார்க்கும் விதமே மாறும்.

எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்னூட்டம் கொண்ட அணுதான் அயனி. அயனி கேள்வியில் ஏமாற வேண்டாம். "ஒரு நேர் மின்னூட்டம் கொண்ட அயனியின் அடுக்கு 2.8, தனிமம் எந்தத் தொகுதி?" என்று கேட்பார்கள். 2.8ஐப் பார்த்து 18 என்று எழுதக்கூடாது. இழந்த எலக்ட்ரானைத் திருப்பிச் சேர்த்தால் 2.8.1, ஆக 1ஆம் தொகுதி. இடத்தைத் தீர்மானிப்பது அணுவின் அடுக்கு.

7. 18, 1, 17: இந்த வரிசையில் படியுங்கள்

18ஆம் தொகுதியை முதலில் முடியுங்கள், சுலபமானது. வெளிக்கூடு நிரம்பியவை, கொடுக்கவும் தேவையில்லை, வாங்கவும் தேவையில்லை. பலூனில் அடைக்கும் ஹீலியம், பழைய மின்விளக்குகளில் நிரப்பும் ஆர்கான்.

1ஆம் தொகுதியில் ஓர் எலக்ட்ரான் கூடுதல். அதை இழந்தால் நிம்மதி. கீழே போகப் போக அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து விலகும், கருவின் பிடி தளரும், அதனால் எளிதாக இழக்கும், வினை வேகம் கூடும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையும் விடாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். "கீழே போகப் போக வினை வேகம் கூடும்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் காரணத்துக்குரிய மதிப்பெண் கிடைக்காது. லித்தியம் தண்ணீரில் மெதுவாக நகரும். சோடியம் உருகி உருண்டையாகி வேகமாக ஓடும். பொட்டாசியம் ஊதா நிறச் சுடரோடு எரியும். இவற்றைப் பாரஃபின் எண்ணெயில்தான் வைத்திருப்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டும்போது பாருங்கள். இணையத்தில் விற்கிறார்களே என்று வாங்கி வீட்டில் முயன்றுவிடாதீர்கள்.

17ஆம் தொகுதியில் எல்லாம் மாறிவரும். இவை எலக்ட்ரானை இழுத்துக்கொள்பவை. கீழே போகப் போக அணு பெரிதாகி, வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானைக் கரு ஈர்க்கும் வலிமை குறையும். அதனால் வினை வேகம் குறையும். நிறங்களைத் தெரிந்து வையுங்கள்: குளோரின் பச்சை கலந்த மஞ்சள் வாயு, புரோமின் செம்பழுப்புத் திரவம், அயோடின் கருமை கலந்த ஊதாத் திண்மம். 1ஆம் தொகுதியின் காரணத்தை அப்படியே 17க்கு எழுதுவதுதான் இங்கே பெரிய பொறி. இரண்டையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம்.

8. மூன்றாம் தொடரும் இடைநிலைத் தனிமங்களும்

சோடியத்திலிருந்து ஆர்கான் வரை போகும்போது புரோட்டான் கூடும், கூடுகளின் எண்ணிக்கை மாறாது, ஈர்ப்பு வலுக்கும், அணு சுருங்கும். ஆக்சைடுகளின், அதாவது ஆக்ஸிஜனோடு சேர்ந்து உருவாகும் சேர்மங்களின், தன்மையும் மாறிக்கொண்டே வரும்: சோடியம் ஆக்சைடு காரம், அலுமினியம் ஆக்சைடு இரண்டு தன்மையும் கொண்டது, சல்ஃபர் டைஆக்சைடு அமிலம்.

இடைநிலைத் தனிமங்களுக்கு நிறமுள்ள அயனிகள், ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சிஜனேற்ற எண்கள், வினையை வேகப்படுத்தும் வினையூக்கி வேலை ஆகியவை முக்கியப் பண்புகள். பூஜை அறைச் செம்புச் சொம்பைத் தேய்க்காமல் விட்டால் பச்சை படியுமே, அது செம்பின் சேர்மம்தான். வினையூக்கிகளில் அம்மோனியா தயாரிக்க இரும்பு, மார்ஜரின் தயாரிக்க நிக்கல், இவை இரண்டையும் விடாதீர்கள்.

9. டியூஷனுக்குப் பணம் கட்டும் முன்

டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் எங்களிடம் ஒரு நிலையம் பதிவுக் கட்டணத்தோடு சில மாதக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பிள்ளையை மோல் கணக்கு நடந்துகொண்டிருந்த குழுவில் உட்கார வைத்தது. அடிப்படையே தெரியாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? பணமும் திரும்பவில்லை.

அதனால் முதலில் கேளுங்கள்: பதிவுக் கட்டணம், மாதக் கட்டணம், நோட்டுக் கட்டணம் தனித்தனியாக எவ்வளவு? நடுவில் நின்றால் எது திரும்பும்? இப்போது எந்த அத்தியாயம் நடக்கிறது? எந்த மொழியில்? ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி வையுங்கள். சேர்க்க நல்ல நேரம் 4ஆம் படியை வீட்டில் முடித்த பிறகு. அப்போது பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியும், கேட்டுத் தெளிந்துகொள்ளும்.

10. கால அளவும் தேர்வுப் பழக்கமும்

மூன்றாம் படிவம் முடிந்து வரும் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். முதலாம் படிவ அத்தியாயத்துக்கு ஒரு மாலை, 3ஆம் படிக்கு ஒரு வாரம், 4ஆம் படிக்கு இரண்டு வாரம், 5க்கு இரண்டு மூன்று நாள், 6க்கு ஒரு வாரம். 7ஆம் 8ஆம் படிகளைப் பள்ளியில் 4ஆம் அத்தியாயம் நடக்கும்போது வைத்துக்கொண்டால் போதும். சோதனைகளைக் கண்ணால் பார்த்த பிறகு படிப்பது நன்றாக நிற்கும். அப்புறம் மாதம் ஒரு முறை வெற்றுத் தாளில் இருபது தனிமங்களையும் அடுக்கோடு எழுத வையுங்கள்.

எஸ்.பி.எம்.மில் முதல் தாள் 40 கேள்விகள், ஒன்றேகால் மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. இரண்டாம் தாள் 100 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். கேள்வித்தாள் கையில் வந்ததும் கொடுத்துள்ள ஒவ்வொரு புரோட்டான் எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் எலக்ட்ரான் அடுக்கை எழுதிவிடப் பழக்குங்கள். தனிமங்களுக்கு உண்மைப் பெயர் தராமல் வெறும் எழுத்துகளால் குறித்துக் கேட்பது இந்தத் தேர்வில் வழக்கம். அடுக்கை எழுதிவிட்டால் அந்த எழுத்து எந்தத் தனிமம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய கேள்விகளுக்கு, மாநிலங்கள் நடத்தும் முன்னோட்டத் தேர்வுத் தாள்களைப் பள்ளி ஆசிரியரிடமே கேளுங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார். முழுத் தாளையும் செய்ய வைக்க வேண்டாம். 2ஆம், 4ஆம் அத்தியாயக் கேள்விகளை மட்டும் பிரித்தெடுத்து, நேரம் குறித்துக்கொண்டு எழுத விடுங்கள். விடைத்திட்டத்தோடு ஒப்பிடும்போது விடை சரியா என்று மட்டும் பார்க்காமல், காரணம் கேட்ட இடத்தில் விடைத்திட்டத்தில் எத்தனை கருத்துகள் இருக்கின்றன, பிள்ளை எத்தனை எழுதியிருக்கிறது என்று எண்ணுங்கள். விடுபட்ட கருத்தைச் சிவப்பு மையில் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும்.